வாசகர் கேள்வி – பதில்: "உம்முடைய சமுகத்தைவிட்டு எங்கே ஓடுவேன்?"

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தேவனை விட்டு விலகி நிற்பதைப் பற்றியவை. எழுதியவர்களில் சிலர் வெளிப்படையாகவே ஓடிப்போனவர்கள். சிலர் ஆலயத்துக்குள் உட்கார்ந்துகொண்டே ஒளிந்திருப்பவர்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் நீக்கி, கடிதங்களைச் சுருக்கி வெளியிடுகிறோம்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் ஊர்ச் சபையில் அறுப்பின் பண்டிகைக் கணக்கு என் கையில் இருந்தது. தங்கையின் திருமணச் செலவுக்காக அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்தேன். திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன்; முடியவில்லை. கணக்குக் கேட்பதற்கு முன்பே வெளிமாநிலத்தில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். அன்றுமுதல் நான் எந்த ஆலயத்துக்கும் போவதில்லை. ஊரிலிருந்து திருமண அழைப்பு வந்தால் மொய்ப்பணத்தை மட்டும் அனுப்பிவிடுகிறேன். முழுத் தொகையும் சேர்ந்த பிறகு தேவனிடம் வரலாம் என்று இருக்கிறேன், சேர்ந்தபாடில்லை. அவர் இன்னும் என்னைத் தேடுவாரா, அல்லது தம் கணக்கிலிருந்தே என்னை எடுத்துவிட்டாரா?

பதில்: சகோதரரே, மனிதன் தேவனுக்கு ஒளிந்துகொண்டதையும் தேவன் அவனைத் தேடி வந்ததையும் வேதாகமம் தன் மூன்றாம் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறது. விலக்கப்பட்ட கனியைத் தின்ற ஆதாமும் ஏவாளும் அத்தியிலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டு, தோட்டத்து மரங்களுக்குள்ளே மறைந்தார்கள். பகலின் குளிர்ச்சியான வேளையில் தேவன் அங்கே உலாவி வந்து, "நீ எங்கே இருக்கிறாய்" என்று கூப்பிடுகிறார். அவன் எந்த மரத்துக்குப் பின்னால் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்பதனால், ஒளிந்தவன் தானாக வாய்திறந்து பேசுவதற்கு அவர் இடம் கொடுக்கிறார் என்றே நான் அந்தக் கேள்வியை வாசிக்கிறேன். ஆதாமும் பேசுகிறான், பயந்து ஒளித்துக்கொண்டேன் என்று உண்மையைச் சொல்லத் தொடங்கி, அதே மூச்சில் பழியை மனைவியின்மேல் போடுகிறான், அவள் சர்ப்பத்தின்மேல் போடுகிறாள். அப்படியும் தேவன் பேச்சை முறித்துக்கொண்டு போய்விடவில்லை. குற்றத்தின் விளைவுகளை அவர் எதையும் மறைக்காமல் அறிவிக்கிறார். ஆனால் அவர்களைத் தோட்டத்திலிருந்து அனுப்புவதற்கு முன்பாக, தோல் உடைகளை உண்டாக்கி அவர்களுக்கு உடுத்தினார் என்று 21ஆம் வசனம் கூறுகிறது. நாளைக்கு வாடிப்போகும் இலைகளோடு அவர்களை வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. உங்கள் நிலையில் இருக்கிறவர்கள் அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது தண்டனையோடு நிறுத்திவிடாமல், தயவுசெய்து அந்த வசனம் வரைக்கும் வாசிக்க வேண்டும்.

இனி, பணத்தைப் பற்றி. தொகை சேர்ந்த பிறகு வருவேன் என்கிறீர்கள். எரிகோவில் சகேயுவுக்கு நடந்தது இதற்கு நேர்மாறான வரிசையில் நடந்தது. அவன் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்கு, தலைவன்; ஊராரிடம் அநியாயமாய் வாங்கியே ஐசுவரியவானாயிருந்தவன் என்பது ஊர் முழுவதுக்கும் தெரியும். குள்ளனாயிருந்தபடியால் காட்டத்தி மரத்தில் ஏறினான் என்று லூக்கா எழுதுகிறார்; அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று எல்லாருடைய முகத்தையும் பார்க்க அவனுக்குத் துணிவும் இருந்திராது என்று நான் நினைக்கிறேன். இயேசு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்றார். அந்த அழைப்பு வந்தபோது அவன் ஒரு காசையும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அவர் வீட்டுக்குள் வந்த பிறகுதான், என் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று எழுந்து நின்று சொல்கிறான். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது கட்டாயம்தான். அதில் உங்களுக்கு எந்தச் சலுகையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அது தேவனுடைய வீட்டுக்குள் நுழைவதற்கான கட்டணமாக இருந்தால், நம்மில் ஒருவரும் நுழைந்திருக்க மாட்டோம்.

ஆகவே இந்த வாரமே இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். நீங்கள் இருக்கும் ஊரில் ஓர் ஆலயத்தைக் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் உட்காருங்கள். அடுத்து, உங்கள் ஊர்ச் சபையின் குருவானவருக்கு, எடுத்த தொகை எவ்வளவு, மாதந்தோறும் எவ்வளவு அனுப்ப முடியும் என்று கையெழுத்திட்டுக் கடிதம் எழுதுங்கள். வெட்கம் வரும். எரிகோவிலும் பார்த்தவர்கள் முறுமுறுத்தார்கள். அதற்காக இயேசு அவன் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. கணக்கிலிருந்து எடுத்துவிட்டாரா என்று கேட்டீர்கள் அல்லவா? லூக்கா 15ஆம் அதிகாரத்து மேய்ப்பன் தொண்ணூற்றொன்பது ஆடுகள் பத்திரமாய் நிற்கும்போதும் ஒன்று குறைகிறது என்று அறிந்து, காணாமற்போனதைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் தேடித் திரிந்தவன். அவனுடைய கணக்கில் விடுபட்ட ஆடும் சேர்ந்தே எண்ணப்படுகிறது.

கேள்வி: ஐயா, என் கணவரின் அண்ணன் எங்கள் பங்குச் சொத்தை ஏமாற்றி எழுதிவாங்கிக்கொண்டார். என் கணவர் அந்தக் கவலையிலேயே படுத்து இறந்துபோனார். இப்போது அந்த அண்ணன் மனந்திரும்பிவிட்டாராம். எங்கள் ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார், எல்லாரும் கண்ணீர் விடுகிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, திருவிருந்து தொடங்கும் முன்பே எழுந்து வந்துவிடுகிறேன். ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். அவரையும் அணைத்துக்கொள்ளும் தேவனிடம் எனக்கு என்ன பேச்சு?

பதில்: சகோதரி, உங்கள் கோபத்தைக் குறைத்து எழுதாமல் உள்ளபடியே எழுதியதற்காக முதலில் நன்றி சொல்கிறேன். இதே கோபத்தோடு தேவனை விட்டு ஓடிய ஒரு தீர்க்கதரிசி இருக்கிறான். அவனுடைய கதையைச் சிறுவர்களுக்கு மீன் கதையாகச் சொல்லிச் சொல்லி, அவன் ஏன் ஓடினான் என்பதையே நாம் மறந்துவிட்டோம்.

யோனா காத்தேப்பேர் ஊரான். இஸ்ரவேலில் இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட நாட்களில், கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தீர்க்கதரிசனம் சொன்னவன். அசீரியரின் நினிவே நகரத்துக்குப் போய்ப் பிரசங்கிக்கும்படி அவனுக்குக் கட்டளை வந்தது. நினிவே வடகிழக்கே தரைமார்க்கமாய்ப் போகவேண்டிய ஊர். இன்று ஈராக்கின் மோசுல் நகரத்துக்கு எதிர்க்கரையில், டைகிரிஸ் ஆற்றோரம் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. யோனாவோ யோப்பா துறைமுகத்துக்கு இறங்கிப்போய், மேற்கே தர்ஷீசுக்குப் புறப்பட்ட கப்பலில் கூலி கொடுத்து ஏறினான். பிறகு கப்பலின் கீழ்த்தட்டில் படுத்து அயர்ந்து தூங்கிவிட்டான்.

அவன் ஓடியதற்குக் காரணம் நினிவே மக்களின் கொடுமைக்கு அஞ்சியதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். நான்காம் அதிகாரத்தில் அவனே வேறு காரணம் சொல்கிறான்: "நீர் இரக்கமும் மனஉருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையுமுள்ள" தேவன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முன்னமே ஓடினேன் என்கிறான். தேவன் தண்டிப்பார் என்ற பயம் அவனை விரட்டவில்லை. மன்னித்துவிடுவார் என்ற பயமே விரட்டியது. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்பதையும் நான் சொல்லவேண்டும். யோனாவின் காலத்துக்குச் சற்றுப் பின்பு, கி.மு. 701இல், அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் லாகீசைப் பிடித்தான். அந்த முற்றுகையை நினிவே அரண்மனையின் சுவர்க் கற்களில் அவன் செதுக்கிவைத்தான். கைதிகள் கழுவேற்றப்படுவதும் தோலுரிக்கப்படுவதுமான அந்தச் சிற்பங்களை இன்றும் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காணலாம். வெற்றிக்கு அடையாளமாக இப்படிப்பட்ட காட்சிகளைத் தங்கள் வீட்டுச் சுவரில் வைத்துக்கொண்ட ஒரு ஜனத்தை மன்னிக்கும்படி கேட்டால், யாருக்குத்தான் நெஞ்சு கொதிக்காது?

இந்த யோனாவைத் தேவன் எப்படித் தொடர்கிறார் என்று பாருங்கள். புயலை அனுப்புகிறார், ஆனால் கப்பல் உடைந்து யாரும் சாகவில்லை. மீனை ஆயத்தப்படுத்துகிறார், அது கடலில் எறியப்பட்ட அவனை விழுங்கிக் காப்பாற்றிக் கரையில் கக்குகிறது. "இரண்டாந்தரம்" அவனுக்குக் கர்த்தருடைய வார்த்தை உண்டாகிறது. முதல்தரம் ஓடியதைப் பற்றி அந்தக் கட்டளையில் ஒரு சொல்கூட இல்லை. அவன் போய்ப் பிரசங்கிக்கிறான், நினிவே மனந்திரும்புகிறது, அவனோ செத்தால் நலம் என்று நகரத்துக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்துவிடுகிறான். அதுவரை கடலில் ஒளிந்தவன் இப்போது கோபத்துக்குள் ஒளிந்துகொள்கிறான். அங்கேயும் தேவன் வருகிறார். அவன் தலைக்கு நிழலாயிருக்கும்படி ஆமணக்குச் செடி ஒன்றை முளைக்கச் செய்கிறார். செடி பட்டுப்போனதும் அவன் மீண்டும் கோபப்பட, நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ என்று கேட்கிறார். ஒரு நகரத்தையே மன்னித்து முடித்த தேவன், அந்த மன்னிப்பினால் மனமுடைந்த ஒரே ஒரு மனிதனின் பக்கத்தில் வந்து, இவ்வளவு பொறுமையாய்ப் பேசிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கும் அதிகமானவர்கள் இருக்கிற நினிவேக்காகப் பரிதபியாமலிருப்பேனோ என்று அவர் கேட்பதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை. யூதர்கள் ஆண்டுதோறும் பாவநிவாரண நாளின் பிற்பகலில் ஜெப ஆலயத்தில் இந்தப் புத்தகத்தை முழுமையாக வாசிக்கிறார்கள். தங்கள் மன்னிப்புக்காக உபவாசித்துக் காத்திருக்கும் அதே நாளில், பகைவனுக்குக் கிடைத்த மன்னிப்பைப் பற்றி வாசிக்கிறார்கள்.

உங்கள் மைத்துனரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சபையில் அழுதது உண்மையான அழுகையாக இருந்தால், அவர் உங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தாகவேண்டும். பத்திரத்தைப் பற்றியும் பேசியாகவேண்டும். மேலே சகேயுவைப் பற்றி எழுதியது அவருக்கும் பொருந்தும். அவர் மன்னிக்கப்பட்டதனால் உங்கள் பங்கின்மேல் உங்களுக்குள்ள உரிமை போய்விடவில்லை. நீதிமன்றத்துக்குப் போவது அவிசுவாசம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதைக் கேட்காதீர்கள். அவரைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். நான் கேட்பது, தேவனிடம் பேசுவதை நிறுத்தாதீர்கள் என்பதே. எனக்கு எரிச்சலாயிருக்கிறது, அது நல்லதுதான் என்று வேண்டுமானாலும் சொல்லுங்கள். யோனா அப்படித்தான் சொன்னான், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்டகுமாரன் உவமையில் தகப்பன் இரண்டு முறை வீட்டை விட்டு வெளியே வருகிறான்: தூரத்தில் வருகிற இளையவனைக் கண்டு ஓடியது ஒரு முறை, கோபித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்ற மூத்தவனை வருந்தி அழைத்தது இன்னொரு முறை. கடைசி வரிசையிலிருந்து எழுந்து வெளியே வந்துவிடுகிற உங்களைத் தேடி அவர் வருவது அந்த இரண்டாவது முறை.

கேள்வி: 139ஆம் சங்கீதத்தை வாசித்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. சிறுவயதில் தவறு செய்யும்போதெல்லாம், "ஆண்டவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்" என்று அடித்து வளர்த்தார்கள். ஒளிய இடமே இல்லை என்பது எப்படி ஆறுதலாகும்?

பதில்: கையில் பிரம்போடு நின்றவர்கள் சொல்லிக்கொடுத்ததனால் அந்த வசனம் உங்களுக்குப் பிரம்பின் குரலிலேயே கேட்கிறது, அது உங்கள் தவறன்று. ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில் ஆகாரின் கதையை வாசித்துப் பாருங்கள். அவள் எகிப்திய அடிமைப்பெண். கர்ப்பவதியாயிருக்கையில் நாச்சியாரான சாராயின் கொடுமை தாளாமல் வனாந்தரத்துக்கு ஓடினாள். சூருக்குப் போகிற வழியருகே இருந்த நீரூற்றண்டையில் கர்த்தருடைய தூதனானவர் அவளைக் கண்டு, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். ஆபிராமும் சாராயும் அந்த அதிகாரம் முழுவதும் அவளை அடிமைப்பெண் என்று குறிப்பிடுகிறார்களே தவிர, ஒருமுறைகூட அவள் பெயரைச் சொல்வதில்லை; வனாந்தரத்தில்தான் ஆகாரே என்று அவளைக் கூப்பிடும் குரல் கேட்கிறது. நாச்சியாரண்டைக்குத் திரும்பிப் போ என்று அவளுக்குச் சொல்லப்பட்டது வாசிக்கக் கடினமான பகுதி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சந்திப்பிலிருந்து எழுந்தவள் பயந்து நடுங்கவில்லை. "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று அவருக்குப் பெயரிட்டாள். அதுவரைக்கும் அவளை யாரும் கண்டதில்லை. வேலை வாங்கினார்கள், பிள்ளை வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சங்கீதக்காரனும் பாதாளத்தில் படுக்கை போட்டாலும் நீர் அங்கே இருக்கிறீர் என்று சொல்லிவிட்டு, கடைசியில், தேவனே என்னை ஆராய்ந்து என் இருதயத்தை அறிந்துகொள்ளும் என்று தானே கேட்டுக்கொள்கிறான். தன்னை அடிக்கக் காத்திருக்கிறவனிடம் ஒருவரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். இப்போதைக்கு இந்தச் சங்கீதம் உங்களுக்குப் பாரமாக இருந்தால் 23ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வரலாம்.

கேள்வி: என் மகன் வெளியூரில் படித்து, அங்கேயே வேலையில் இருக்கிறான். ஆலயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போனை வைத்துவிடுகிறான். இப்போது என் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதில்லை. நேரில் போய் அவனைக் கட்டாயப்படுத்தி அழைத்து வரட்டுமா?

பதில்: அம்மா, உங்களுக்கு முன்னால் இதே துயரத்தில் நடந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் மோனிக்கா. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா நாட்டுப் பகுதியில் வாழ்ந்தவர். 354இல் பிறந்த அவருடைய மகன் அகஸ்டின் கெட்டிக்காரன். கார்த்தேஜ் நகரத்தில் படித்து ஆசிரியனானான், தாயின் விசுவாசத்தை எள்ளி மானிக்கேயர் என்ற வேறொரு சமயத்தாரின் கூட்டத்தில் சேர்ந்தான். மோனிக்கா ஓர் ஆயரிடம் போய், என் மகனிடம் நீங்கள் பேசித் திருத்துங்கள் என்று கண்ணீரோடு கெஞ்சினார். அந்த ஆயர் தாமே இளமையில் மானிக்கேயரிடம் வளர்ந்து வெளியே வந்தவர். இப்போது அவன் எதையும் கேட்கும் நிலையில் இல்லை, விட்டுவிடுங்கள், அவனுக்காக ஜெபம் மட்டும் செய்யுங்கள் என்றார். அந்த அம்மா விடாமல் அழவே, போங்கள், இத்தனை கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோக முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

383இல் அகஸ்டின் ரோமாபுரிக்குப் போக முடிவுசெய்தபோது மோனிக்கா கடற்கரை வரைக்கும் வந்து அவனைப் பிடித்துக்கொண்டார். நண்பன் ஒருவன் காற்றுக்காகக் காத்திருக்கிறான், அவனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று மகன் பொய் சொன்னான். அருகில் இருந்த சிப்பிரியான் நினைவாலயத்தில் அந்த இரவைக் கழிக்கும்படி தாயைச் சம்மதிக்கவைத்து, அவர் அங்கே ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே கப்பலேறிவிட்டான். விடிந்தபோது கரையில் கப்பல் இல்லை. பிற்காலத்தில் அகஸ்டின் இதைத் தாமே தேவனிடம் அறிக்கையிட்டு எழுதியிருக்கிறார்: என்னைப் போகவிடாதிரும் என்று அன்றிரவு என் தாய் கேட்டதை நீர் கொடுக்கவில்லை, எப்போதும் எனக்காகக் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகவே அதைக் கொடுக்கவில்லை என்று. தாயை விட்டு ஓடிய அந்தப் பயணமே அவரை மிலான் நகரத்துக்கும், அங்கே ஆயராயிருந்த அம்புரோசின் பிரசங்கங்களுக்கும் கொண்டுசேர்த்தது. மோனிக்காவும் கடல் கடந்து அங்கே வந்து சேர்ந்தார். 386இல் மிலானில் ஒரு தோட்டத்தில் அகஸ்டினின் மனம் உடைந்து திரும்பியது. 387ஆம் ஆண்டு ஈஸ்டரில் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காலமானார்.

ஆகையால், போய்க் கட்டாயப்படுத்த வேண்டாம். மோனிக்காவும் மகனைப் பின்தொடர்ந்து போனாரே என்று நீங்கள் கேட்கலாம். போனார், ஆனால் மிலானில் அவனைக் கையைப் பிடித்து இழுத்தவர் அவர் அல்லர். உங்கள் மகன் உங்கள் எண்ணைப் பார்த்ததும் ஒரு பிரசங்கத்தை எதிர்பார்க்கிறான். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள், அதற்கடியில் வசனம் சேர்க்க வேண்டாம். பண்டிகைக்கு முறுக்கும் அதிரசமும் செய்தால் அவனுக்கும் அனுப்புங்கள். அவன் தேவனுக்கு ஒளிகிறானா, உங்களுடைய கேள்விகளுக்கு மட்டும் ஒளிகிறானா என்பது இப்போது உங்கள் இருவருக்குமே தெரியாது. நீங்கள் கேட்பதை நிறுத்தினால்தான் அது தெரியவரும். அவனுக்காக அழுவதை யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது. அதைத் தேவனுடைய சமுகத்தில் அழுங்கள்.

கேள்வி: நான் சைவக் குடும்பத்தைச் சேர்ந்தவன், நண்பர் வீட்டில் உங்கள் இதழை வாசிப்பதுண்டு. திருமணக் கோலத்தில் நின்ற சுந்தரரை, ஓலை காட்டி "நீ என் அடிமை" என்று இறைவன் தடுத்தாட்கொண்டதைப் பெரியபுராணத்தில் படித்திருக்கிறேன். உங்கள் வேதத்திலும் மனம் இல்லாதவனை அப்படிப் பிடித்துக்கொள்வது உண்டா? அது கட்டாயம் ஆகாதா?

பதில்: ஐயா, கிழவர் வடிவில் வந்த இறைவன் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிந்ததும், பித்தன் என்று ஏசியதும், திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்குத் தோற்றதும், ஏசிய அதே சொல்லையே முதலாக வைத்துப் பாடியதும் தமிழர் யாவரும் போற்றுகிற பகுதி. அதற்குச் சைவ அடியார்கள் தரும் பொருளை அவர்களே சொல்லத் தகுதியானவர்கள். நான் எங்கள் வேதத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன்.

சவுல் என்ற வாலிபன் கிறிஸ்துவைப் பின்பற்றினவர்களைக் கட்டிக்கொண்டு வருவதற்காக நிருபங்களோடு தமஸ்குவுக்குப் போனான். தேவனுக்காக வைராக்கியம் கொண்டிருக்கிறேன் என்று அவன் நம்பினான். அந்த வைராக்கியத்துக்குள்தான் அவன் ஒளிந்திருந்தான். வழியில் ஒளி அவனைச் சுற்றிப் பிரகாசிக்க, தரையில் விழுந்து, "சவுலே, சவுலே, நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்" என்ற சத்தத்தைக் கேட்டான். நீங்கள் சொல்வதுபோல் இது தடுத்து நிறுத்தியதுதான். ஆனால் அதன்பின் மூன்று நாள் பார்வையின்றி, உண்ணாமல் குடியாமல், தமஸ்குவின் நேர்த்தெருவில் ஒரு வீட்டில் அவன் ஜெபத்தோடு காத்திருந்தான். அந்த மூன்று நாளும் யாரும் அவனிடம் ஒப்புதல் கேட்டு நிற்கவில்லை. பிறகு அவனிடம் அனுப்பப்பட்டவன் அனனியா. எவர்களைக் கட்டிக்கொண்டுபோகச் சவுல் வந்தானோ அவர்களில் ஒருவனான அவன், அஞ்சிக்கொண்டே வந்து, அவன்மேல் கையை வைத்து, "சகோதரனாகிய சவுலே" என்று அழைத்தான். கட்டாயத்தின் கடைசியில் எஜமானின் குரல் கேட்கும். இங்கே கேட்டது, கொல்லப்பட இருந்தவன் கொல்ல வந்தவனைச் சகோதரன் என்று அழைத்த குரல். ஓடுகிறவனைத் தேவன் வழிமறிக்கிறார் என்று நாங்கள் நம்புகிறோம்; மறித்த இடத்தில் அவன் மனம் திறக்கும்வரை அவர் காத்திருக்கிறார் என்றும் நம்புகிறோம்.

கேள்வி: பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜெபிக்க உட்கார்ந்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. நடிப்பதுபோல் இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

பதில்: ஆலயத்தில் தூரத்தில் நின்று, தன் கண்களையும் வானத்துக்கு ஏறெடுக்கத் துணியாத ஆயக்காரன் சொன்ன, "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரே வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். அது லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவன் நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான் என்று இயேசுவே சொல்கிறார். அவன் அதற்குமேல் எதுவும் ஜெபித்ததாக எழுதப்படவில்லை. உங்களுக்கும் அதற்குமேல் வராவிட்டால் எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். நாளைக் காலையில் மறுபடியும் அதே இடத்தில் உட்காருங்கள்.